ஃபெவிக்விக் கையில ஒட்டிக்கிச்சுங்களா?

மிக்ஸி மூடியோட காது ஒடஞ்சு போச்சு, பையனோட ஷூ வாயைப் பொளந்துக்கிச்சு, அலமாரிக் கதவு ஓரத்துல சன்மைக்கா பிஞ்சு நிக்குது. எதுவானாலும் நம்ம கை முதல்ல தேடறது அந்தக் குட்டி டியூப்பைத்தானுங்க. ஆளைக் கூப்பிட்டுக் கூலி குடுக்காம சில்லறைக் காசுல வேலை முடிஞ்சா அது வீட்டுக்குச் சிலுவாடு. ஆனா அதே பசை விரலை ஒட்டி, டைல்ஸைக் கறையாக்கி, கட்டியிருக்கற துணியைப் பொசுக்கிட்டா மிச்சம் பிடிச்ச காசும் போகும், நாளும் போகும். இது பிடிக்கறதுக்குப் பத்து விநாடிகூட ஆகாது. அதனால யோசனை, ஏற்பாடு எல்லாம் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கோணும். கோயம்புத்தூர்ப் பக்கம் நம்ம வீடுகளுக்கு உதவற வழிகளைச் சொல்றேன், பாருங்க.

1. வேலைக்கு உக்காரும்போதே ஒரு போசியில வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி, கூடவே தேங்காய் எண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணையும் பக்கத்துல வெச்சுக்கோங்க. ரிமூவர் பாட்டிலோட மூடியை முன்னாடியே தளர்த்தி வைங்க. ரெண்டு விரல் ஒட்டிக்கிட்ட பிறகு ஒத்தைக் கையால மூடி திருகறது பெரும்பாடு.

2. பசையைக் கரைக்கறது ரிமூவர்ல இருக்கற அசிட்டோன்தான். இப்பக் கடையில 'அசிட்டோன் இல்லாதது'ன்னு போட்டு நிறைய வருது. அது நம்ம வேலைக்கு உதவாது, லேபிளைப் படிச்சு வாங்குங்க. குப்புன்னு தீப்பிடிக்கற சரக்கு, அதனால அடுப்பு எரியறப்பவும் சாமி விளக்குப் பக்கத்துலயும் திறக்கவே கூடாது.

3. நம்ம பக்கம் தொடைக்கறதுன்னாலே திருப்பூர் பனியன் வேஸ்ட்தான்; கிலோக் கணக்குல வாங்கி வெச்சிருப்போம். சைக்கிள் செயின், மோட்டார் ரூம், சன்னல் கம்பி எல்லாத்துக்கும் அது சரி. ஃபெவிக்விக் சிந்தினா மட்டும் அதைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. பருத்தி நூல்ல இந்தப் பசை பட்டதும் ஒரே மூச்சுல இறுகி, சூடு கிளம்பி, சில நேரம் புகையே வரும். கையில பிடிச்சிருந்தா தோலைச் சுட்டுரும். பஞ்சும் அப்படித்தான். சிந்தினது நாலு சொட்டுன்னா அப்படியே காய விட்டுச் சுரண்டி எடுக்கறதே மேல்.

4. அதே காரணத்துக்காக, காட்டன் நைட்டி, லுங்கி மடியில சாமானை வெச்சு ஒட்டற பழக்கம் வேண்டாமுங்க. மேஜை மேல வெச்சு ஒட்டுங்க. மேல கொட்டிருச்சுன்னா துணியைப் பிடிச்சு இழுக்காம, உடனே பச்சைத் தண்ணியைத் தாராளமா ஊத்துங்க. சூடு அடங்கின பிறகு ஒட்டின இடத்தைச் சுத்தித் துணியை வெட்டிட்டு, மிச்சத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற வெச்சு மெதுவா விடுவிக்கலாம். கொப்புளம் கிளம்புச்சுன்னா டாக்டர்கிட்டக் காட்டிருங்க.

5. கையுறைக்குன்னு தனியாச் செலவு வேண்டாம். ஹேர் டை பாக்கெட்ல ஒரு ஜோடி பாலித்தீன் கையுறை வரும் பாருங்க, அதைத் தூக்கிப் போடாம எடுத்து வைங்க. பாலித்தீன்ல இந்தப் பசை பிடிக்கறதில்லை.

6. பால் கவரும் அப்படித்தான். ஆவின் கவரை வெட்டி, கழுவி, காய வெச்சுப் பத்துப் பதினஞ்சு சேர்த்து வைங்க. ஒட்டற சாமானுக்கு அடியில விரிச்சா மேஜையோட ஒட்டாது. வேலை முடிஞ்சதும் உரிச்சு எடுத்துரலாம்.

7. டியூப் மூடியைப் பல்லால கடிச்சுத் திறக்கற ஆளு எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாரு. இந்த டியூப்புக்கு மட்டும் அதை அடியோட நிறுத்தச் சொல்லுங்க. மூக்கை மேல் பார்க்க வெச்சு, முகத்தை விட்டுத் தள்ளிப் பிடிச்சு, குண்டூசியால குத்தினாப் போதும்.

8. சித்திரை வெயில்ல வண்டி டிக்கியில வெச்சுக் கொண்டு வந்த டியூப்பை உடனே குத்தாதீங்க. உள்ள காத்து விரிஞ்சிருக்கும். குத்தின வேகத்துல பசை பீச்சி அடிக்கும். சித்தெ நேரம் நிழல்ல வெச்சு, வயித்தை அமுக்காம கழுத்தைப் பிடிச்சுக் குத்துங்க.

9. முதல்ல பசை இல்லாம ஒரு தடவை பொருத்திப் பாருங்க. மூணு நாலு துண்டா ஒடஞ்ச சாமானா இருந்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு பென்சில்ல நம்பர் போட்டுக்கோங்க. கோணலா ஒட்டினதைப் பிரிக்கற நேரத்துல நாலு சாமான் ஒட்டிரலாம்.

10. ஒரு சொட்டு வேலையை நாலு சொட்டு கெடுக்கும். காத்துலயும் சாமான் மேலயும் கண்ணுக்குத் தெரியாம இருக்கற ஈரம்தான் இந்தப் பசையை இறுக வைக்குது. மொத்தமா ஊத்தினா உள்ள இருக்கற பசைக்கு ஈரம் எட்டாம ரொம்ப நேரம் கொழகொழன்னே கிடக்கும், பிடிப்பும் குறையும். வெயில் காலத்துல காத்து வறண்டிருந்தா, ஒட்டற இடத்துல வாயால ஒரு தடவை ஆவி விட்டுட்டு ஒட்டுங்க, வெரசாப் பிடிக்கும்.

11. இந்தச் சரக்கு வந்த கதையே ஒட்டி இம்சை பண்ணின கதைதானுங்க. 1942-ல அமெரிக்காவுல கோடாக் கம்பெனியில ஹாரி கூவர்ங்கற வேதியியலாளர், துப்பாக்கிக் குறி பார்க்கற கருவிக்குக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தேடினப்பத்தான் இது கையில மாட்டுச்சு. தொட்டதெல்லாம் ஒட்டிக்குதுன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க. 1951-ல மறுபடி கவனிச்சு, 1958-ல பசையா விக்க ஆரம்பிச்சாங்க. அவங்க ஆராய்ச்சிக் கூடத்துலயே பாடாப் படுத்தினது நம்ம சமையல்கட்டுல கொஞ்சம் படுத்தினா மலைக்க வேண்டியதில்லை.

12. சமையல்கட்டுச் சாமான் ஒட்டினாலும் நிக்கலையா? கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். பாத்திரம் விளக்கற சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாக் காய வெச்சு, வழவழப்பா இருந்தா உப்புக் காகிதத்தால ரெண்டு தேய் தேய்ச்சுட்டு ஒட்டுங்க.

13. பிளாஸ்டிக் குடம், பக்கெட், டப்பாவை ஒட்டறதுக்கு முன்னாடி கவுத்துப் போட்டு அடியைப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள 2, 4, 5-னு போட்டிருந்தா அது பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் வகை. எத்தனை டியூப் ஊத்தினாலும் நிக்காது. காசை வீணாக்காம, சூட்டுக் கம்பி வெச்சு உருக்கி ஒட்டித் தர்றவர் தெருவுக்கு வர்றப்பக் குடுத்துருங்க. அவரு வரலீனா குடத்தை ஒரு கோடு போட்டு வெட்டி, பொடக்காலியில கீரை விதைச்சுரலாம்.

14. ஒடஞ்ச இடத்துல துணுக்கு காணாமப் போய்க் குழி விழுந்திருந்தா, ஆப்ப சோடாவை ஒரு சிட்டிகை தூவி, மேல ஒரே ஒரு சொட்டுப் பசை விடுங்க. கல்லு மாதிரி உடனே இறுகிரும். காய்ஞ்சதும் உப்புக் காகிதம் போட்டுச் சமமாக்கலாம். இறுகறப்பச் சூடும் நெடியும் வரும், அதனால கொஞ்சம் கொஞ்சமா, காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க.

15. விரலோட விரல் ஒட்டிக்கிச்சா, வெடுக்குன்னு இழுக்காதீங்க. தோலு பிஞ்சு வந்துரும். சோப்புத் தண்ணியில ஒரு பத்து நிமிஷம் ஊற விட்டு, வழவழப்பான பென்சிலையோ ஸ்பூன் காம்பையோ நடுவுல விட்டு மெதுவா உருட்டுங்க. அசையலைன்னா மட்டும் ரிமூவரை ஒரு சொட்டு விட்டு மறுபடி உருட்டுங்க. விட்டதும் கையைக் கழுவி எண்ணெய் தடவிக்கோங்க.

16. விரல் நுனியில வெள்ளைத் தோலாட்டம் படிஞ்சு நிக்கற மிச்சத்தைப் பிளேடு போட்டுச் சுரண்ட வேண்டாம். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய்தான் வீட்டுலயே இருக்குதே, ராத்திரி தடவிட்டுப் படுங்க. ரெண்டு மூணு நாள்ல தோலோட தானா உதிரும்.

17. சின்னக் குழந்தைங்க கையில அசிட்டோன் போடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியும் எண்ணெயுமே போதும், கொஞ்சம் பொறுமை வேணும். போசித் தண்ணியில ரெண்டு பொம்மையைப் போட்டுவிட்டா குழந்தை அது பாட்டுக்கு விளையாடிட்டே ஊறிக்கும்.

18. உதடு ஒட்டிக்கிட்டா வெளிய வெதுவெதுப்பான தண்ணியை ஒத்தி ஒத்தி எடுங்க, உள்ளேயிருந்து எச்சிலால நனைச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. பிடிச்சு இழுக்கறதும் ரிமூவர் தடவறதும் வேண்டவே வேண்டாம். மூச்சு விடச் சிரமம்னா யோசிக்காம 108-க்குப் போன் பண்ணுங்க.

19. கண்ணுல தெறிச்சாக் கை வைத்தியம் எதுவும் கிடையாதுங்க. எண்ணெய், அசிட்டோன் ரெண்டுமே கிட்ட வரக் கூடாது. ஒட்டின இமையைப் பிரிக்கவும் முயற்சி பண்ணாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியைக் கால் மணி நேரம் மெதுவா ஊத்திக் கழுவி, ஈரத் துணியால மூடி, நேரா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவினாசி ரோட்டுல அரவிந்த், சத்தி ரோட்டுல சங்கரான்னு நம்ம ஊர்ல நல்ல ஆஸ்பத்திரிங்க இருக்குது. போறப்ப டியூப்பையும் கையோட எடுத்துட்டுப் போங்க. இமை ஒட்டிக்கிட்டா சில நாள்ல தானா விட்டுரும்தான். ஆனா கண்ணுக்குள்ள கருவிழி உரசியிருக்குதான்னு டாக்டர் பார்த்தே ஆகோணும்.

20. பசை கெட்டுப் போகாம இருக்க ஃப்ரிட்ஜ்ல வைக்கறது நல்ல யோசனை. ஆனா உங்க ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்க: கண் பிரஷருக்குப் போடற சொட்டு மருந்தும் பெரும்பாலும் அங்கேதான் நிக்கும். ரெண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி மூக்கு. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு அம்மாயி அரைத் தூக்கத்துல எடுக்கறப்ப எது எதுன்னு எப்படித் தெரியும்? இப்படி மாத்திப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க உலகம் பூரா இருக்காங்க. பசையை ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, சிவப்பு ரப்பர் பேண்ட் நாலு சுத்திக் காய்கறித் தட்டுக்குப் பின்னாடி வைங்க. பெரியவங்க இருக்கற வீடுன்னா ஃப்ரிட்ஜே வேண்டாம். அட்டாலியில ஆணி டப்பாவோட போட்டுருங்க.

21. விரல் வெட்டிக்கிட்டா ஃபெவிக்விக் வெச்சு ஒட்டறவங்க உண்டு. ஆஸ்பத்திரியில தையலுக்குப் பதிலா ஒட்டறதும் இதே குடும்பத்துப் பசைதான். ஆனா அது உடம்புக்குன்னே வேற விதமா, கிருமி நீக்கித் தயாரிக்கறது. வீட்டு டியூப்பு காயத்தைச் சுட்டு எரிச்சலாக்கும். கழுவிக் கட்டுப் போடுங்க.

22. தலைமுடியில பட்டா எண்ணெயைத் தாராளமா ஊத்தி ஊற விட்டு, நுனியில இருந்து சீப்பால கொஞ்சம் கொஞ்சமா வாங்க. 2021-ல அமெரிக்காவுல லூசியானாவுல ஒரு அம்மா, ஹேர் ஸ்ப்ரே தீர்ந்து போச்சுன்னு பசை ஸ்ப்ரேயைத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. எத்தனை கழுவியும் போகாம, கடைசில அறுவை சிகிச்சை டாக்டர் ஒருத்தர்தான் கரைச்சு எடுத்தார். டிரெஸ்ஸிங் டேபிள் பக்கத்துல எந்தப் பசை டப்பாவும் இருக்க வேண்டாம்.

23. டைல்ஸ் மேல விழுந்த சொட்டை ஈரமா இருக்கறப்பத் தேய்ச்சா இன்னும் பரவும். காய விட்டு, பழைய பிளேடைத் தரையோட தரையாப் படுக்க வெச்சுத் தள்ளினாச் சில்லு மாதிரி எழும்பும். நிக்கற மிச்சத்துக்கு மட்டும் ரிமூவர்.

24. காவித் தரையில பிளேடு போட்டாக் கீறல் விழுந்து அந்தப் பளபளப்பு போயிரும். அங்க எண்ணெயை விட்டு ஊற வெச்சு, தேங்காய்த் தொட்டி ஓரத்தால மெல்லச் சுரண்டுங்க.

25. பாலிஷ் போட்ட தேக்குக் கதவு, பெயின்ட் அடிச்ச சன்னல், டிவி ஸ்டாண்டுப் பிளாஸ்டிக் இதுல எல்லாம் அசிட்டோன் பட்டாப் பசைக்கு முன்னாடி பாலிஷும் பெயின்ட்டும் கரைஞ்சு வந்துரும். எண்ணெயிலயே முடிஞ்ச அளவு எடுத்துட்டு விட்டுருங்க. சின்னப் புள்ளி மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, பாலிஷ் போடறவரைக் கூப்பிட்டா அது பெரிய முட்டுவழி.

26. மூக்குக் கண்ணாடிக் காம்பு ஒடஞ்சா ஒட்டலாம். லென்ஸைக் கழட்டி வெச்சுட்டு ஒட்டுங்க. காயறப்ப வர்ற ஆவி லென்ஸ் மேல வெள்ளைப் படலமாப் படியும். போலீஸ்காரங்க கைரேகையை வெளிய கொண்டு வர்றது இதே ஆவியை வெச்சுத்தான், அவ்வளவு கெட்டியாப் பிடிக்கும். ஒட்டின கண்ணாடியை உடனே பெட்டியில போட்டு மூடாம, ஃபேன் காத்துல வைங்க.

27. சிறுமுகைப் பட்டுல பசை தெறிச்சிருச்சா, தேய்க்காம அப்படியே காய விடுங்க. அசிட்டோனை உள் மடிப்புல, கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல ஒரு சொட்டு வெச்சுச் சாயம் போகுதான்னு பார்த்த பிறகுதான் மேல போகோணும். அசிட்டேட் கலந்த பளபளா துணின்னா தொடவே தொடாதீங்க, துணியே கரைஞ்சு ஓட்டை விழும்.

28. நம்ம ஊரு வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிருக்குது. அதைப் பசையில பாழாக்கலாமுங்களா? டிரம்முக்குள்ள கல்லு ஆடுச்சுன்னா ஃபெவிக்விக், எம்-சீல் எதுவும் வேண்டாம். மாவு படற இடம், தேஞ்சு மாவுல கலந்துரும். பக்கத்துல இருக்கற கிரைண்டர் சர்வீஸ் ஆளுகிட்டக் குடுத்தா அதுக்கான சரக்கைப் போட்டு உக்கார வெச்சுத் தருவாரு.

29. குக்கர் கைப்பிடி, ஒடஞ்ச சுவிட்சு, பிளக்கு மூணையும் பசையால ஒட்டக் கூடாது. சூட்டுல விட்டுரும், விடறப்பச் சொல்லிட்டு விடாது. புதுசு மாத்தறதுதான் சிக்கனம்.

30. பிவிசி பைப் ஒட்டறதுக்கு நாள் பார்க்கோணும். பில்லூரோ சிறுவாணியோ, பல ஏரியாவுல குழாய்த் தண்ணி தினமும் வர்றதில்லை. தண்ணி வந்து டேங்க், குடம் எல்லாம் நிரப்பி முடிச்ச பிறகு வேலையை ஆரம்பிங்க. பிவிசி பசை பைப்போட மேல்தோலையே இளக்கி ரெண்டையும் ஒண்ணாக்கிரும், பிறகு கழட்டவே முடியாது. அதனால அளவை முன்னாடியே பொருத்திப் பார்த்து, பேனாவுல கோடு போட்டுட்டு, பசை தடவினதும் கால் சுத்துத் திருகி அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. எதிர் வெயில்ல தடவினா சேர்க்கறதுக்குள்ளயே காய்ஞ்சிரும். காலையில, இல்லீனா சாயந்திரம் பண்ணுங்க. டப்பாவுல போட்டிருக்கற நேரம் முடியற வரைக்கும் வால்வைத் திறக்காதீங்க.

31. எம்-சீல் பிசையறப்பக் கையைத் தண்ணியில நனைச்சுக்கோங்க, ஒட்டாது. கடைசில ஈர விரலால தடவினா மேல்பக்கம் வழவழன்னு வரும். ரெண்டு உருண்டையும் ஒரே நிறமா மாறற வரைக்கும் பிசையோணும், கோடு தெரிஞ்சா அந்த இடம் இறுகாது. வேணுங்கற அளவை மட்டும் கிள்ளிப் பிசைங்க. பிசைஞ்ச மிச்சத்தைத் திரும்ப எடுத்து வைக்க முடியாது. பாத்ரூம் டைல்ஸ்ல அப்பினது இறுகறதுக்குள்ள வினிகர் தொட்டுத் தொடைச்சா வந்துரும், இறுகிட்டா உளிதான்.

32. மார்கழிக் குளிர்ல, அதுவும் வால்பாறை, ஊட்டிப் பக்கம் இருக்கறவங்க, அரால்டைட் மாதிரி ரெண்டு டியூப்புப் பசை காயலையேன்னு கூட ஊத்தாதீங்க. குளிர்ல அது மெதுவாத்தான் இறுகும். ஒட்டின சாமானை வெயில் விழற சன்னலோரமா வைங்க, ஒரு நாள் தள்ளிப் பாருங்க.

33. சன்மைக்கா ஒட்டற ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதத்துக்குக் காய விட்டுத்தான் சேர்க்கோணும். சேர்ந்துட்டா நகர்த்த முடியாது. அதனால நடுவுல நியூஸ் பேப்பரை விரிச்சு, ஷீட்டைச் சரியா வெச்சு, பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா உருவிக்கிட்டே அழுத்துங்க. அந்த நெடி தலையைச் சுத்தும், தீயும் பிடிக்கும். சன்னலைத் திறந்து, கேஸை மூடிட்டு வேலை பாருங்க.

34. வெள்ளை ஃபெவிகால் இதுங்க எல்லாத்துலயும் சாது. துணியில பட்டா வெந்நீர்ல ஊற வெச்சாலே போகும், காய்ஞ்சு போச்சுன்னா வினிகர் கலந்த தண்ணி. கொலு பொம்மைக் காகிதக்கூழ் கையெல்லாம் விட்டுப் போனா ஃபெவிகாலும் டிஷ்யூ பேப்பரும் சேர்த்துச் சுத்துறதே நல்லாப் பிடிக்கும். அங்க ஃபெவிக்விக் வேண்டாம்.

35. ஒட்டினதைக் கையால பிடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம். துணிக் கிளிப்பு, சைக்கிள் டியூப்ல வெட்டின வளையம், அம்மிக் குழவி, எது பொருந்துதோ அதைப் போட்டு, நடுவுல பால் கவர் துண்டு வெச்சுட்டு, அடுத்த வேலையைப் பாருங்க. மேலாப் பிடிச்சாலும் முழு பலம் வர ஒரு நாள் ஆகும். அது வரைக்கும் ஒட்டின சாமானுக்கு வேலை குடுக்க வேண்டாம்.

36. புது எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கரை நகத்தால சுரண்டறதுக்கு முன்னாடி, உள்பக்கம் கொதிக்கற தண்ணியை ஊத்தி ரெண்டு நிமிஷம் வைங்க, முழுசா உரிஞ்சு வரும். சுவத்துல ஒட்டின ஹூக்கை எடுக்கத் தூண்டில் நரம்பைப் பின்னாடி விட்டு ரம்பம் மாதிரி இழுங்க. சுண்ணாம்பு பேந்து வராது.

37. வேலை முடிஞ்சதும் டியூப்பைத் தலைமேலா நிறுத்தி ரெண்டு தட்டுத் தட்டுங்க, மூக்குல நிக்கற பசை உள்ள இறங்கிரும். நுனியைப் பால் கவரால தொடைச்சு மூடி, புது ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலத்தோட பாட்டில்ல போடுங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தாக் குளிர் விட்ட பிறகுதான் திறக்கோணும். இல்லீனா ஈரம் கோத்து மிச்சமும் கல்லாயிரும்.

38. ரப்பர் பசை, பிவிசி பசை டின்னெல்லாம் திறந்தாச் சீக்கிரம் இறுகிப் போகும், ஒரு வீட்டுக்கு முழு டின் தேவையே இல்லை. பக்கத்து வீட்டுலயும் எதிர் வீட்டுலயும் கேட்டுட்டு, ஆயுதபூஜை நோம்பிக்கு வீடு ஒதுங்க வைக்கற வாரத்துல ஒட்டுக்கா ஒரு டின் வாங்கி மூணு வீட்டு வேலையையும் முடிச்சுருங்க. டின் மேல திறந்த தேதியை எழுதி வெச்சா, அடுத்த வருஷம் கடைக்குப் போகோணுமா வேண்டாமான்னு அதுவே சொல்லிரும்.